கார் ரிமோட் சாவிக்கு வீட்டிலேயே பேட்டரி மாற்றுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கார் சாவியின் பேட்டரியை மாற்றுவது சுவர்க் கடிகாரத்துக்கு செல் போடுவதைவிடக் கொஞ்சம்தான் கூடுதல் வேலை. அந்தக் கொஞ்சத்தில் இரண்டு மூன்று இடங்களில் மட்டும் கவனம் வேண்டும். பட்டன் உள்ள சாதாரண ரிமோட் சாவி, பொத்தானை அமுக்கினால் கத்தி போல வெளியே வரும் மடக்குச் சாவி, புஷ் ஸ்டார்ட் கார்களின் ஸ்மார்ட் கீ, மூன்றுக்கும் சேர்த்தே பதில்கள் உள்ளன.

ரிமோட் சரியாக வேலை செய்யவில்லை. பேட்டரிதான் காரணம் என்று எப்படித் தெரியும்?

பேட்டரி தீரும்போது முதலில் குறைவது தூரம். மாடியில் நின்று அமுக்கினாலே பூட்டிய கார், இப்போது பக்கத்தில் போய் இரண்டு மூன்று தடவை அமுக்கினால்தான் பூட்டுகிறது என்றால் பேட்டரிதான். சாவியில் இருக்கும் சின்ன விளக்கும் மங்கலாக எரியும். புஷ் ஸ்டார்ட் கார்கள் பலவற்றில் சாவி பேட்டரி குறைந்துவிட்டது என்று டாஷ்போர்டிலேயே எழுத்து வரும். அதைப் பார்த்த வாரமே மாற்றிவிடுங்கள்.

நேற்று வரை நன்றாக இருந்தது, இன்று திடீரென்று ஒன்றுமே இல்லை என்றால் விஷயம் வேறாக இருக்கலாம். சாவி கீழே விழுந்ததா, நனைந்ததா என்று யோசியுங்கள். அப்புறம் பீரோவில் இருக்கும் இரண்டாவது சாவியை எடுத்து அமுக்கிப் பாருங்கள். அதுவும் வேலை செய்யவில்லை என்றால் குற்றம் பெரும்பாலும் சாவியில் இல்லை. கதவைச் சாவி போட்டுத் திறந்து உள்விளக்கு எரிகிறதா பாருங்கள். எரியாவிட்டால் பானெட்டுக்குள் இருக்கும் 12 வோல்ட் பேட்டரி இறங்கியிருக்கும். அப்போது ரிமோட்டில் எத்தனை புது செல் போட்டாலும் பயனில்லை.

ஒரே ஒரு இடத்தில் மட்டும் ரிமோட் அடம்பிடிக்கிறது, மற்ற இடங்களில் சரியாக இருக்கிறது என்றால் அது அலைவரிசைக் குழப்பம். இந்தியாவில் பெரும்பாலான கார் ரிமோட்டுகள் 433.92 மெகாஹெர்ட்ஸில் பேசுகின்றன. வயர் இல்லாத காலிங் பெல், கேட் ரிமோட், டயர் காற்றழுத்த சென்சார் என்று பலதும் அதே அலைவரிசையில்தான் கத்திக்கொண்டிருக்கின்றன.

வீட்டில் மல்டிமீட்டர் இருந்தால் செல்லை அளந்து பாருங்கள். புது செல் 3 வோல்ட்டுக்குக் கொஞ்சம் மேலே, 3.2 போலக் காட்டும். 2.8க்குக் கீழே வந்துவிட்டால் மாற்றலாம். ஆனால் மீட்டர் அளப்பது சும்மா இருக்கும் செல்லை. பட்டனை அமுக்கும் நொடியில் வோல்டேஜ் இன்னும் கீழே இறங்கும். அதனால் மீட்டரில் 2.9 காட்டும் பழைய செல்கூடச் சாவிக்குள் படுத்துவிடலாம்.

பேட்டரி முழுக்கத் தீர்ந்துவிட்டால் வண்டி ஸ்டார்ட் ஆகாதா?

ஆகும். பலரும் பயப்படுவது இங்கேதான், பயப்படத் தேவையே இல்லாததும் இங்கேதான். சாவிக்குள் இரண்டு தனித்தனி வேலைகள் நடக்கின்றன. பூட்டுவதும் திறப்பதும் ரேடியோ அலை மூலம். அதற்கு பேட்டரி வேண்டும். எஞ்ஜினை ஓட அனுமதிப்பது இம்மொபிலைசர் சிப். அதற்கு பேட்டரியே வேண்டாம். சாவித் துவாரத்தைச் சுற்றி ஒரு கம்பிச் சுருள் இருக்கிறது. சாவியைப் போட்டுத் திருப்பும்போது அந்தச் சுருளின் காந்தப்புலத்திலிருந்தே சிப் தனக்கு வேண்டிய மின்சாரத்தை எடுத்துக்கொண்டு தன் எண்ணைச் சொல்லிவிடும். அதனால் திருகு சாவி உள்ள கார்களில் செல் செத்த பிறகும் வழக்கம்போல ஸ்டார்ட் செய்யலாம்.

புஷ் ஸ்டார்ட் காரிலும் இதே சிப்தான். ஸ்டார்ட் பட்டனுக்கு மிக அருகில் சாவியைக் கொண்டுபோக வேண்டும், அவ்வளவுதான். ஹூண்டாய் கார்களில் விரலுக்குப் பதிலாகச் சாவியாலேயே பட்டனை அமுக்கச் சொல்வார்கள். டொயோட்டாவில் பிரேக்கை மிதித்தபடி, சாவியில் சின்னம் இருக்கும் பக்கத்தால் பட்டனைத் தொட வேண்டும். வேறு சில கார்களில் கப் வைக்கும் இடத்திலோ ஸ்டியரிங் தண்டின் பக்கத்திலோ இதற்கென்று ஓர் இடம் குறித்திருப்பார்கள். உங்கள் காரில் எங்கே என்று கையேட்டில் இன்றே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். நடுராத்திரியில் சுங்கச்சாவடிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு தேடுகிற விஷயம் அல்ல அது.

சரி, முதலில் கதவைத் திறக்க வேண்டுமே?

ஸ்மார்ட் கீயின் ஓரத்தில் ஒரு சின்னத் தாழ்ப்பாள் இருக்கும். அதைத் தள்ளியோ அமுக்கியோ பிடித்துக்கொண்டு இழுத்தால் உள்ளிருந்து ஓர் உலோகச் சாவி வரும். ஓட்டுநர் பக்கக் கதவுக் கைப்பிடியில் அதற்கான துவாரம் உண்டு. சில கார்களில் ஒரு பிளாஸ்டிக் மூடி அதை மறைத்திருக்கும். மூடியின் அடியில் உள்ள பிளவில் அந்தச் சாவி முனையையே விட்டு நெம்பினால் கழன்றுவிடும். இப்படித் திறக்கும்போது அலாரம் அலறலாம். திருடனைப் பார்ப்பது போல அக்கம்பக்கத்தார் பார்ப்பார்கள், கண்டுகொள்ளாதீர்கள். வண்டி ஸ்டார்ட் ஆனதும் அலாரம் நின்றுவிடும்.

என்ன பேட்டரி வாங்க வேண்டும்?

பழைய செல்லின் முதுகில் என்ன எண் இருக்கிறதோ அதே எண். இன்றைய ஸ்மார்ட் கீ பலவற்றில் சிஆர் 2032. மெல்லிய சாவிகளிலும் பழைய ரிமோட்டுகளிலும் சிஆர் 2025, சிஆர் 2016, சிஆர் 1620, சிஆர் 1616 என்று வரும். தடித்த சில சாவிகளில் சிஆர் 2450.

அந்த எண்ணில்தான் அளவு இருக்கிறது. 2032 என்றால் குறுக்களவு 20 மில்லிமீட்டர், கனம் 3.2 மில்லிமீட்டர். 1620 என்றால் 16 மில்லிமீட்டர், 2.0 மில்லிமீட்டர். எல்லாமே லித்தியம் வகை, எல்லாமே 3 வோல்ட். வித்தியாசம் உடம்பிலும் உள்ளே அடங்கும் மின்சாரத்திலும்தான்: 2032இல் ஏறக்குறைய 220 மில்லி ஆம்பியர் மணி, 2025இல் 160, 2016இல் 90.

2032 கிடைக்கவில்லை, 2025 போடலாமா?

வோல்டேஜ் ஒன்றுதான் என்பதால் எதுவும் கெட்டுப்போகாது. ஆனால் 0.7 மில்லிமீட்டர் இடைவெளி விழும். உள்ளே இருக்கும் தகட்டு ஸ்பிரிங் ஒழுங்காகத் தொடாது. காகிதத்தை மடித்து அடியில் வைப்பவர்கள் இருக்கிறார்கள். ஊர் போய்ச் சேரும் வரைக்கும் என்றால் சரி. தலைகீழாக, 2025 இருக்க வேண்டிய இடத்தில் 2032ஐத் திணிப்பதுதான் கூடாது. ஸ்பிரிங் அமுங்கி வளைந்துவிடும், பிறகு சரியான செல் போட்டாலும் தொடாது.

எல்ஐஆர் 2032 என்று ரீசார்ஜ் செய்யும் வகை ஒன்று அதே உருவத்தில் விற்கிறது. முழு சார்ஜில் அது 4.2 வோல்ட் தரும். 3 வோல்ட்டுக்குச் செய்த சாவிக்கு அது வேண்டாம். எல்ஆர் 44 போன்ற வாட்ச், கால்குலேட்டர் செல்கள் 1.5 வோல்ட்தான், அவற்றை நினைக்கவே வேண்டாம்.

எங்கே வாங்குவது? எந்த பிராண்ட்?

வாட்ச் கடை, எலக்ட்ரிக்கல் கடை, மருந்துக் கடை என்று எங்கும் கிடைக்கும். பானசோனிக், மாக்ஸெல், முராட்டா, எனர்ஜைசர், டியூராசெல் எதுவானாலும் சரி. பிராண்டைவிட முக்கியமானது அட்டை. ஒவ்வொரு செல்லும் தனித்தனிக் குமிழுக்குள் ஒட்டிய அட்டையிலிருந்து உங்கள் கண் முன்னால் கிழித்துத் தர வேண்டும். சில கடைகளில் ஒரு டப்பியில் பத்துப் பதினைந்து செல்களை அம்மணமாகப் போட்டு வைத்திருப்பார்கள். அவை ஒன்றோடொன்று உரசி உள்ளுக்குள்ளேயே ஷார்ட் ஆகிக்கொண்டிருக்கும். பத்து ரூபாய் குறைத்தாலும் அங்கே வாங்காதீர்கள். அட்டையின் பின்னால் தேதியும் பாருங்கள். நல்ல லித்தியம் செல் சும்மா இருந்தால் வருடத்துக்கு ஒரு சதவீதம் அளவுக்குத்தான் இறங்கும் என்பதால் இரண்டு வருடம் பழையது என்றால்கூடக் கவலையில்லை.

என்னென்ன கருவி வேண்டும்?

முனை தட்டையான சின்னத் திருப்புளி ஒன்று. அதன் முனையில் இன்சுலேஷன் டேப் ஒரு சுற்று; சாவி ஓடு கீறாமல் இருக்கும். பழைய வகைச் சாவியானால் ப்ளஸ் தலையுள்ள மிகச் சிறிய திருப்புளி. மெல்லிய துணி, கீழே விரிக்க ஒரு வெள்ளைத் துண்டு. துண்டு எதற்கென்று போகப் போகத் தெரியும்.

ஸ்மார்ட் கீயைப் பிரித்து மாற்றுவது எப்படி?

முதலில் உள்ளே இருக்கும் உலோகச் சாவியை உருவி எடுங்கள். அது இருந்த குழிக்குள் பார்த்தால் ஓட்டின் இரண்டு பாதிகளும் சேரும் இடத்தில் ஒரு சின்னப் பிளவு தெரியும். பல சாவிகளில் நெம்ப வேண்டிய இடம் அதுதான். வெளிப்பக்க விளிம்பில் எங்கேயாவது குத்தி நெம்பினால் தழும்புதான் மிஞ்சும்.

டேப் சுற்றிய திருப்புளியைப் பிளவில் நுழைத்து, மேலே தூக்காமல், சாவியைத் திருப்புவது போலத் திருகுங்கள். 'டக்' என்று ஒரு கொக்கி விடும். அதற்குப் பிறகு திருப்புளியை வைத்துவிட்டு நகத்தால் விளிம்பைச் சுற்றி வந்தால் மற்ற கொக்கிகளும் ஒவ்வொன்றாக விடும். விடவில்லையென்றால் பலத்தைக் கூட்டாதீர்கள். அங்கே திருகோ இன்னொரு கொக்கியோ இருக்கிறது என்று அர்த்தம்.

திறந்ததும் எதையும் தொடுவதற்கு முன்னால் போனில் ஒரு படம் எடுங்கள். செல்லின் எந்தப் பக்கம் மேலே பார்த்தபடி இருக்கிறது என்பது அதில் தெரிய வேண்டும். எண்ணும் + குறியும் பொறித்த அகலமான முகம் பாசிட்டிவ். அது ஓரங்களையும் சுற்றி வந்திருக்கும். சற்று உள்ளடங்கிய, சின்ன வட்டம் தெரியும் முகம் நெகட்டிவ். சில சாவிகளில் + மேலே பார்க்கும், சிலவற்றில் கீழே. இதில் பொது விதி இல்லாததால்தான் படம்.

செல்லை எடுக்க விளிம்பில் ஒரு சின்ன இடைவெளி விட்டிருப்பார்கள். அங்கிருந்து நெம்புங்கள். செல்லைப் பிடித்திருக்கும் மெல்லிய உலோக நாக்கை மேலே தூக்காதீர்கள். அது வளைந்தால் செல் புதிதாக இருந்தும் ரிமோட் விட்டுவிட்டுத்தான் வேலை செய்யும். பச்சை நிற சர்க்யூட் போர்டிலும் விரல் படாமல் பாருங்கள்.

புது செல்லைத் துணியால் துடைத்து, ஓரங்களைப் பிடித்து, படத்தில் இருந்த பக்கமாகவே உட்கார வையுங்கள். ஓட்டை மூடுவதற்கு முன்பே ஒரு பட்டனை அமுக்கிப் பாருங்கள்; சின்ன விளக்கு பளிச்சென்று எரிந்தால் சரி. ஓட்டின் உள் விளிம்பில் ரப்பர் வளையம் இருந்தால் அது தன் பள்ளத்திலேயே உட்கார்ந்திருக்கிறதா பாருங்கள். மழையிலிருந்து சாவியைக் காப்பது அது. பிறகு இரண்டு பாதிகளையும் சுற்றிலும் அமுக்கி மூடிவிடுங்கள். முதல் தடவை பத்து நிமிடம் ஆகும், அடுத்த தடவை இரண்டு.

மடக்குச் சாவியும் பழைய வகைச் சாவியும் இப்படித்தானா?

மடக்குச் சாவியில் கத்தியை வெளியே எடுத்துவிட்டு ஆரம்பியுங்கள். பலவற்றில் பின்பக்கம் செல்லுக்கென்றே ஒரு மூடி உண்டு. நாணயத்தாலோ திருப்புளியாலோ திறக்கலாம். அப்படி மூடி இருந்தால் முழு ஓட்டையும் பிரிக்காதீர்கள். பிரித்தால் கத்தியைத் தள்ளும் சுருள் ஸ்பிரிங் குதித்து ஓடிவிடும். அதைத் திரும்ப முறுக்கி உட்கார வைப்பது தனிக் கலை.

பழைய மாருதி போன்ற கார்களின் தடித்த தலையுள்ள சாவியில் ஒரு சின்னத் திருகு இருக்கும். அதைக் கழற்றிப் பிரித்தால் உள்ளே ரிமோட் ஒரு தனி டப்பாவாக இருக்கும், செல் அதற்குள்ளே. இந்த வகையைப் பிரிப்பதற்கு முன் அடுத்த பதிலைப் படித்துவிடுங்கள்.

சாவிக்குள்ளிருந்து கறுப்பாக ஒரு சின்னத் துண்டு விழுந்தது. அது என்ன?

அதுதான் காரே ஓடக் காரணமான இம்மொபிலைசர் சிப். பழைய சாவிகள் பலவற்றில் அது போர்டோடு சேராமல், ஓட்டில் ஒரு குழிக்குள் தனியாக உட்கார்ந்திருக்கும். கறுப்பு நிறத்தில் அரிசி மணியைவிடச் சற்றுப் பெரிய துண்டு, அல்லது கண்ணாடிக் குப்பி. பேட்டரியும் அல்ல, உடைந்த பிளாஸ்டிக்கும் அல்ல. அதைக் குப்பையோடு கூட்டித் தள்ளிவிட்டால் கதவு திறக்கும், சாவி திரும்பும், எஞ்ஜின் மட்டும் பிடிக்காது. புது சிப் வாங்கிக் காரோடு சேர்க்க ஆயிரக்கணக்கில் செலவாகும். வெள்ளைத் துண்டை விரிக்கச் சொன்னது இதற்குத்தான். விழுந்தால் அதே குழியில் வைத்து மூடிவிடுங்கள். திசையைப் பற்றிக் கவலை வேண்டாம். சாவி ஓடு உடைந்து தெருவோரக் கடையில் புது ஓடு போடும்போதும் இந்தச் சிப் மாறிவிட்டதா என்று பார்த்தே வாங்குங்கள்.

செல்லை எடுத்தால் சாவியின் புரோகிராம் அழிந்துவிடுமா?

பெரும்பாலும் இல்லை. சாவியின் அடையாள எண்ணும், ஒவ்வொரு முறை அமுக்கும்போதும் மாறிக்கொண்டே போகும் குறியீட்டுக் கணக்கும் மின்சாரம் இல்லாவிட்டாலும் அழியாத நினைவகத்தில் இருக்கின்றன. செல் ஒரு வாரம் வெளியே இருந்தாலும் ஒன்றும் ஆகாது. 'பேட்டரி மாற்றினால் புரோகிராமிங் சார்ஜ் தனி' என்று யாராவது சொன்னால் ஏன் என்று கேளுங்கள்.

சில பழைய மாடல்களில் மட்டும் மறுபடி ஒத்திசைக்க வேண்டி வரலாம். குழந்தை கையில் சாவி கிடைத்து, காருக்கு எட்டாத இடத்தில் நூறு தடவை அமுக்கிவிட்டாலும் இதே நிலை வரும். காரின் கணக்கும் சாவியின் கணக்கும் விலகிப்போகின்றன. பல கார்களில் பக்கத்தில் நின்று அடுத்தடுத்து இரண்டு தடவை அமுக்கினாலே, அல்லது சாவியைப் போட்டு ஒருமுறை ஸ்டார்ட் செய்தாலே சரியாகிவிடும்.

புது பேட்டரி போட்டும் வேலை செய்யவில்லையே?

முதலில் தலைகீழாகப் போட்டிருக்கிறீர்களா பாருங்கள். அடுத்து, செல் நன்றாக உட்கார்ந்திருக்கிறதா, உலோக நாக்கு அதைத் தொடுகிறதா. மூன்றாவது, அதிகம் பேருக்குத் தெரியாதது: குழந்தைகள் விழுங்கிவிடக் கூடாது என்று சில நிறுவனங்கள் செல்லின் மேல் கசப்புப் பூச்சு பூசுகின்றன. அந்தப் பூச்சு சில கருவிகளில் மின் தொடர்பையே தடுத்துவிடும். தொலைந்த பொருளைத் தேட உதவும் ஏர்டேக் வில்லையில் இப்படிப்பட்ட செல் வேலை செய்யாமல் போகலாம் என்று ஆப்பிள் நிறுவனமே சொல்லியிருக்கிறது. ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் தொடும் இடங்களைத் துடைத்துப் பாருங்கள், இல்லையென்றால் பூச்சில்லாத செல் வாங்குங்கள். அந்தக் கசப்பு குழந்தைகளுக்காகத்தான் என்பதையும் மறக்க வேண்டாம்.

ஒரு பட்டன் மட்டும் வேலை செய்யவில்லை, மற்றவை செய்கின்றன என்றால் பேட்டரி நிரபராதி. பட்டனுக்கு அடியில் உள்ள சுவிட்ச் தேய்ந்திருக்கும், அல்லது அழுக்கு ஏறியிருக்கும்.

எத்தனை நாள் வரும்? எனக்கு மட்டும் சீக்கிரம் தீர்கிறதே?

சாதாரண ரிமோட்டில் பல வருடம் வரும். ஸ்மார்ட் கீயில் ஒன்று முதல் மூன்று வருடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் பட்டனைத் தொடாவிட்டாலும் அது கார் கூப்பிடுகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டே இருக்கும். காருக்கு மிக அருகில், போர்டிகோ சுவரின் மறுபக்கத்து ஆணியில் சாவி தொங்கினால் இரண்டும் ஓயாமல் பேசிக்கொள்ளும். இரண்டு பேட்டரியும் தேயும். டிவி, செல்போன் சார்ஜர், இண்டக்‌ஷன் அடுப்பு இவற்றிலிருந்தும் ஒரு மீட்டராவது தள்ளி வைக்கச் சொல்கிறது டொயோட்டா கையேடு.

அதே நிறுவனத்தின் பல ஸ்மார்ட் கீகளில் ஒரு வசதி உண்டு. பூட்டும் பட்டனை அமுக்கிப் பிடித்துக்கொண்டு திறக்கும் பட்டனை இரண்டு தடவை அமுக்கினால் விளக்கு நான்கு தடவை மின்னி, சாவி தூங்கப் போய்விடும். வெளியூர் போகும்போது வீட்டில் வைத்துவிட்டுப் போகும் சாவிக்கு நல்லது.

சாவி வாஷிங் மெஷினில் துவைபட்டுவிட்டது. பிழைக்குமா?

பட்டனை அமுக்கிப் பார்க்காதீர்கள். உடனே பிரித்துச் செல்லை எடுத்துவிடுங்கள். ஈரமும் மின்சாரமும் சேர்ந்தால் போர்டு வேகமாக அரிக்கும். துடைத்து, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் கழுவி, ஃபேன் காற்றில் ஒரு நாள் காயவிட்டு, புது செல் போடுங்கள். வெயிலில் டாஷ்போர்டின் மேல் வைத்துக் காயவைக்க வேண்டாம்.

குழந்தை செல்லை விழுங்கிவிட்டால்?

அவசரம். 20 மில்லிமீட்டர் லித்தியம் செல் சின்னக் குழந்தையின் உணவுக்குழாயில் சிக்கிக்கொள்ளும். அங்கே ஈரம் பட்டதும் நெகட்டிவ் பக்கத்தில் கடுமையான காரப் பொருள் உண்டாகி, இரண்டு மணி நேரத்திலேயே திசுவைச் சுட்டுவிடும். சாவியிலிருந்து கழற்றிய 'செத்த' செல்லுக்கும் இதைச் செய்யும் அளவுக்கு மின்சாரம் மிச்சமிருக்கும். 108க்குச் சொல்லுங்கள், அல்லது எக்ஸ்ரே வசதியுள்ள மருத்துவமனைக்கு நேராகப் போங்கள். வாந்தி எடுக்க வைக்காதீர்கள். விழுங்கி 12 மணி நேரத்துக்குள் என்றால், ஒரு வயதுக்கு மேற்பட்ட, விழுங்க முடிகிற குழந்தைக்குப் போகிற வழியில் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டு டீஸ்பூன் தேன், ஆறு தடவை வரை கொடுக்கலாம். ஒரு வயதுக்குக் கீழே தேன் கூடாது. தேனுக்காகக் கடைக்குப் போய் நேரம் கழிக்கவும் கூடாது. மூக்கிலோ காதிலோ போட்டுக்கொண்டாலும் மருத்துவமனைதான்.

பழைய செல்லை என்ன செய்வது?

கழற்றியதும் இரண்டு முகமும் மறையும்படி செல்லோடேப் ஒட்டிவிடுங்கள். வீட்டுக் குப்பையில் போடாதீர்கள். 2022ஆம் ஆண்டு வந்த இந்திய பேட்டரிக் கழிவு விதிகளின்படி பட்டன் செல்லையும் தனியாகத்தான் சேர்த்துக் கொடுக்க வேண்டும். மின்கழிவு வாங்குபவர்களிடம் கொடுக்கும் வரை குழந்தை கைக்கு எட்டாத ஒரு டப்பியில் இருக்கட்டும்.

எப்போது நாமே செய்யாமல் விட வேண்டும்?

திறந்து பார்த்தால் செல் போர்டோடு ஈயப் பற்று வைத்து ஒட்டியிருந்தால். 2000களின் தொடக்கத்து பி.எம்.டபிள்யூ சாவிகள் சிலவற்றில் இப்படித்தான், அதுவும் ரீசார்ஜ் ஆகும் வகை. செல்லின் மேல் நேராக சால்டரிங் இரும்பை வைப்பது ஆபத்து. லித்தியம் 180 டிகிரியிலேயே உருகிவிடும், இரும்பின் முனை அதைவிட மிக அதிகச் சூடு. பற்று வைப்பதற்கென்றே உலோகக் காது வைத்த செல் தனியாக விற்கிறது, அதை வாங்கி எலக்ட்ரானிக்ஸ் ரிப்பேர் கடையில் கொடுத்துவிடுங்கள்.

இரண்டாவது சாவிக்கும் சேர்த்து மாற்றலாமா?

இரண்டும் ஒரே நாளில் காரோடு வந்தவை என்றால் மாற்றிவிடுங்கள். பீரோவில் கிடந்த ஸ்மார்ட் கீயும் சும்மா இருந்திருக்காது. ஒரு அட்டையில் ஐந்து செல் வரும். இரண்டு போக மீதி மூன்றை அட்டையை விட்டுப் பிரிக்காமல் வையுங்கள்.